சலூன் தெரியும்... 'குவாஃபர்' தெரியுமா? முடி திருத்துநருக்கான பிரெஞ்சுச் சொல்லின் கதை!

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு கடை தாண்டுவதற்குள் ஒரு சலூன் போர்டு கண்ணில் பட்டுவிடும். (மாவட்டத் தலைநகரான அந்தத் திருப்பத்தூர் இல்லைங்க. 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்.) காரைக்குடி, தேவகோட்டை, சிங்கம்புணரி என்று எங்கே போனாலும் அதே 'சலூன்'தான்.

இப்போ இன்னொரு காட்சி. சுவிட்சர்லாந்திலோ பாரிஸிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு தெருப் படம் அனுப்புகிறார். கண்ணாடிக் கதவு, சுழல் நாற்காலி, கத்தரிக்கோல் படம். பார்த்தால் நம்ம சலூன் மாதிரியே இருக்கிறது. ஆனால் போர்டில் ஏதோ ஒரு புரியாத சொல். சி-ஓ-ஐ-எஃப்-எஃப்-இ-யு-ஆர். 'காய்ஃபர்' என்று படிக்கத் தோன்றும். அப்படி இல்லை. அதைக் 'குவாஃபர்' என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது? நம்ம ஊர் 'சலூன்', 'பார்லர்' எல்லாவற்றுக்கும் இதற்கும் என்ன உறவு? முடி வெட்டுபவரை எந்தப் பெயரால் அழைப்பது என்ற கேள்வி பிரான்ஸிலும் தமிழ்நாட்டிலும் ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

• 'குவாஃபர்' என்றால் முடி திருத்துநர், சிகையலங்காரக் கலைஞர்.

• இதன் வேர் 'குவாஃப்'. அதற்கு அர்த்தம் முடி இல்லை, தலையை மூடும் குல்லா!

• 'சலூன்', 'பார்லர்' இரண்டுமே பிரெஞ்சில் இருந்து ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தவை.

• 18-ம் நூற்றாண்டு பாரிஸில் 'குவாஃபர்' என்ற பெயரே ஒரு மரியாதைப் போராட்டத்தின் மையமாக இருந்தது.

'குவாஃபர்' என்றால் என்ன அர்த்தம்?

பிரெஞ்சு மொழியில் முடி வெட்டி, சீவி, அலங்கரிக்கும் தொழில் செய்பவர் 'குவாஃபர்'. ஆண் என்றால் குவாஃபர், பெண் என்றால் 'குவாஃபஸ்'. அவர்கள் செய்யும் வேலைக்கும், நம் தலையில் உருவாகும் அலங்காரத்துக்கும் பெயர் 'குவாஃப்யூர்'. தமிழில் சிகையலங்காரம் என்கிறோமே, அதேதான். கடைக்குப் பெயர் 'சலோன் தெ குவாஃப்யூர்'.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 'குவாஃபஸ்' என்ற பெண்பால் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம், கண்ணாடி வைத்த ஒப்பனை மேஜை. நம்ம வீட்டில் டிரெஸ்ஸிங் டேபிள் என்று சொல்வதுதான். அதனால் பிரெஞ்சு வீட்டில் 'குவாஃபஸ் வாங்கினேன்' என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம், மேஜையைத்தான் சொல்கிறார்கள்.

பிரெஞ்சு படிப்பவர்கள் அடிக்கடி தப்பு செய்யும் இடமும் இதுதான். 'சலூனுக்குப் போறேன்' என்று நாம் கடையைச் சொல்கிறோம். பிரெஞ்சில் 'ஷே லு குவாஃபர்' என்பார்கள், அதாவது 'முடி திருத்துநரிடம் போகிறேன்' என்று ஆளைச் சொல்வார்கள். 'ஷே' என்ற சொல் பொதுவாக ஆட்களுக்கு வரும். இடத்துக்குச் சொல்லும் 'ஓ' என்ற சொல்லை இங்கே போட்டால் இலக்கணப் பிழை.

குல்லாவில் இருந்து முடிக்கு எப்படி வந்தது?

குவாஃபர் என்ற சொல்லை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 'குவாஃப்'. தலையை ஒட்டிப் பிடித்த மாதிரி அணியும் குல்லாதான் குவாஃப். 6-ம் நூற்றாண்டு லத்தீனில் 'கோஃபியா' என்று இருந்த சொல் இது. அதற்கும் முன்னால் ஜெர்மானிய மொழிகளில் இருந்து வந்திருக்கலாம் என்பது மொழியியல் அறிஞர்கள் பலரின் கருத்து.

சுமார் 900 ஆண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சுப் போர்க் கதைப்பாடல்களில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அது அலங்காரம் இல்லை. இரும்பு வளையங்களைக் கோத்து, தலைக்கவசத்துக்கு அடியில் வீரர்கள் போட்டுக்கொண்ட தலையுறை. பிறகு சாதாரண ஜனங்கள் அணியும் துணிக் குல்லாவுக்கும், பெண்கள் அணியும் சரிகைத் தலையணிக்கும் அதே பெயர் நின்றது. பிரான்ஸின் மேற்குக் கரையில் உள்ள பிரெத்தாஞ் பகுதிப் பெண்கள் விழா நாட்களில் அணியும் உயரமான வெள்ளைச் சரிகைத் தலையணியை இன்றைக்கும் குவாஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

குவாஃப் அணிவிப்பது 'குவாஃபே' என்ற வினைச்சொல் ஆனது. குல்லாவைச் சரியாக வைக்க வேண்டும் என்றால் முதலில் முடியைச் சீவிக் கட்ட வேண்டும் இல்லையா? அப்படியே 'தலையணி வைப்பது' என்ற அர்த்தம் 'முடியைச் சீவி அலங்கரிப்பது' என்று நகர்ந்தது. அந்த வேலையைச் செய்பவர் குவாஃபர். 17-ம் நூற்றாண்டில் இந்தச் சொல் தொழிற்பெயராகப் புழங்கத் தொடங்கிவிட்டது.

சொல்லின் கடைசியில் வரும் விகுதி 'செய்பவர்' என்று காட்டுவது. 'ஷோஃபர்' என்ற சொல்லிலும் அதே விகுதிதான். கார் ஓட்டுநரைக் குறிக்கும் அந்தச் சொல்லின் நேர் அர்த்தம் 'சூடாக்குபவர்'. நீராவி எந்திரக் காலத்தில் கொதிகலனுக்குத் தீ மூட்டியவரின் பெயர், பிறகு கார் ஓட்டுபவருக்கு ஒட்டிக்கொண்டது.

நம்ம 'முடி'யும் இதே கதைதான்!

தலையில் வைப்பதற்கான சொல் தலையில் முளைப்பதற்கும் ஆகிப்போவது பிரெஞ்சுக்கு மட்டும் நடந்தது இல்லை. தமிழில் 'முடி' என்றால் என்ன? கிரீடம். 'முடிசூட்டு விழா', 'முடியாட்சி' எல்லாம் அதில் இருந்து வந்தவை. 'முடி' என்றால் கட்டுவதும்கூட. 'கூந்தலை முடிந்தாள்' என்கிறோம், காசை முந்தானையில் 'முடிஞ்சு வைக்கிறோம்'. அதே 'முடி'தான் தலைமுடிக்கும் பெயர்.

அலங்காரத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமும் இல்லை. பழைய இலக்கியங்களில் பெண்களின் கூந்தலை 'ஐம்பால்' என்று சொல்வார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று 5 வகையாகக் கூந்தலை அலங்கரிப்பதால் அந்தப் பெயர் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். பாரிஸின் 'குவாஃப்யூர்' பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே 5 ஸ்டைலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

'பார்பர்' வேறு, 'குவாஃபர்' வேறா?

ஆமாம். 'பார்பர்' என்பது லத்தீன் 'பார்பா'வில் இருந்து வருவது. பார்பா என்றால் தாடி. ஆக பார்பர் என்றால் அடிப்படையில் 'தாடிக்காரர்', அதாவது சவரம் செய்பவர். பிரெஞ்சில் 'பார்பியே'. 1775-ல் போமார்ஷே எழுதிய 'செவில் நகர் சவரக்காரர்' நாடகத்தின் நாயகன் ஃபிகாரோ ஒரு பார்பியே. 1816-ல் ரோசினி அதை இசை நாடகமாக்கினார்.

இன்னொரு சொல் 'பெருக்கியே'. 'பெருக்' என்றால் டோப்பா. 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பெரிய மனிதர்கள் டோப்பா இல்லாமல் வெளியே வர மாட்டார்கள். அந்த டோப்பா செய்து கொடுப்பவர் பெருக்கியே. ரஷ்ய மொழியில் இன்றும் முடி வெட்டுபவருக்கு 'பரிக்மாக்கெர்' என்று பெயர். 'டோப்பா செய்பவர்' என்ற ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது அது.

ஜெர்மனியில் 'ஃப்ரிஸேர்' என்கிறார்கள். சுருட்டிவிடுவது என்ற பிரெஞ்சு வினைச்சொல்லில் இருந்து வந்த பெயர். ஆனால் பிரான்ஸில் போய் அப்படிச் சொன்னால் யாரும் முடிதிருத்தும் கடையைக் காட்ட மாட்டார்கள், அங்கே குவாஃபர்தான்! சுவிட்சர்லாந்திலோ ஜெர்மன் பேசும் ஊர்களிலேயே 'குவாஃபர்' போர்டுதான் தொங்கும். துருக்கியில் 'குவாஃபோர்'. எகிப்திலும் வேறு சில அரபு நாடுகளிலும் பெண்களுக்கான அழகு நிலையத்துக்கு 'குவாஃபீர்' என்று அரபி எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

பெயருக்காக நடந்த பாரிஸ் வழக்கு

இப்போ கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

பழைய பிரான்ஸில் எந்தத் தொழில் செய்ய வேண்டும் என்றாலும் அந்தத் தொழிலுக்கான சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். சவரம் செய்வோரும் டோப்பா செய்வோரும் சேர்ந்த சங்கம் பாரிஸில் பலமானது. 18-ம் நூற்றாண்டின் நடுவில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் புதிய கூட்டம் ஒன்று பெருகியது. அவர்கள் தங்களைக் 'குவாஃபர்' என்று அழைத்துக்கொண்டார்கள். 1760-களில் லெக்ரோ என்பவர் பெண்களின் சிகையலங்காரக் கலைக்குப் படங்களோடு ஒரு புத்தகமே போட்டார், பயிற்சிப் பள்ளியும் நடத்தினார்.

சவரச் சங்கம் சும்மா இருக்குமா? 'எங்க சங்கத்துல சேராம நீங்க எப்படித் தொழில் செய்யலாம்?' என்று மல்லுக்கு நின்றது. 1760-களின் கடைசியில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

குவாஃபர்கள் தரப்பில் வைக்கப்பட்ட வாதம்தான் சுவாரசியம். சவரம் செய்வதும் டோப்பா பின்னுவதும் கைத்தொழில். முகத்தைப் பார்த்து, அதற்கு எது பொருந்தும் என்று யோசித்து, உயிருள்ள முடியில் உருவம் கொடுப்பது கலை. நாங்கள் ஓவியர், சிற்பி, கவிஞர் வரிசையில் வருபவர்கள். இதுதான் அந்த வாதத்தின் சாரம்.

கேட்டால் கொஞ்சம் அலட்டல் மாதிரி இருக்கும். அதுவும் ஒரு கைத்தொழிலைக் கீழே தள்ளிவிட்டுத்தான் தங்களை மேலே ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது அடிப்படையில் ஒன்றுதான்: எங்கள் கைக்குள் இருக்கும் திறமைக்கு மதிப்புக் கொடுங்கள்.

சில ஆண்டுகளில் குவாஃபர்களின் அந்தஸ்து எங்கேயோ போனது. ராணி மரி அந்துவானெத்துக்கு அலங்காரம் செய்த லியோனார் பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். 1778-ல் ஒரு போர்க்கப்பலின் கடல்சண்டையைக் கொண்டாட, கப்பல் பொம்மையையே கொண்டையின் உச்சியில் நிறுத்தும் அலங்காரம் பெண்களிடம் ஓடியது. 1789-ல் புரட்சி வெடித்து, ராஜ குடும்பமும் டோப்பாவும் போன பிறகும் 'குவாஃபர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 'பார்பியே' தாடிக்கு மட்டும் என்று ஒதுங்கியது.

கத்தி பிடித்த கை, வைத்தியமும் பார்த்தது

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சவரம் செய்தவர்களே அறுவை சிகிச்சையும் செய்தார்கள். கட்டி கீறுவது, பல் பிடுங்குவது, ரத்தம் எடுப்பது, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. 16-ம் நூற்றாண்டில் அறுவை சிகிச்சைத் துறைக்கே திருப்புமுனை கொடுத்த பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே, சவரத் தொழில் கற்று வளர்ந்தவர். மேல்நாட்டுச் சலூன் வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் கம்பம் பார்த்திருப்பீர்கள். சிவப்பு ரத்தம், வெள்ளை கட்டுத்துணி என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பிரான்ஸில் 1743-லும் இங்கிலாந்தில் 1745-லும் அறுவை சிகிச்சை செய்பவர்களைச் சவரத் தொழிலில் இருந்து அதிகாரப்பூர்வமாகப் பிரித்தார்கள். பிரிந்து போனவர்கள் டாக்டர்கள் ஆனார்கள்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒன்று உறைத்திருக்கும். தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்துக்குப் பெயரே 'மருத்துவர்' அல்லவா! ஊர்ப் பக்கம் பிரசவம் பார்த்த பாட்டிகள் 'மருத்துவச்சி'. இலங்கைத் தமிழில் 'பரியாரி' என்றால் முடி வெட்டுபவர், நாட்டு வைத்தியருக்கும் 'பரியாரியார்' என்றே பெயர். இரண்டுக்கும் வேர் 'பரிகாரி', அதாவது நோய்க்குப் பரிகாரம் செய்பவர். அரசின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உபகாரம் செய்பவர். நாவிதர் என்பது 'நாபித' என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து வந்தது. தென் மாவட்டங்களில் 'குடிமகன்' என்றும் சொல்வது உண்டு. இன்று நாட்டின் பிரஜையைக் குறிக்கும் அதே சொல், ஒரு காலத்தில் ஊருக்குத் தொழில் செய்பவரைக் குறித்தது.

பெயர்கள் எல்லாம் கௌரவமாகத்தான் இருக்கின்றன. நடந்தது என்ன?

ஐரோப்பாவில் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஆனார், முடி அலங்கரித்தவர் கலைஞர் ஆனார். இங்கே ஆங்கில மருத்துவம் வந்து, நாட்டு வைத்தியத்தில் அவர்களுக்கு இருந்த இடமும் சுருங்கியது. மிச்சம் இருந்த சவரத் தொழிலோடு சாதி ஒட்டிக்கொண்டது. கல்யாணத்திலும் கருமாதியிலும் அவர்கள் இல்லாமல் சடங்கு நடக்காது, ஆனால் பந்தியில் மரியாதை கிடைக்காது. பழைய சாதிப் பெயர்கள் சில திட்டும் சொற்களாகவே மாறிப்போயின. அவற்றை இங்கே எழுதத் தேவையில்லை, எவை என்று எல்லோருக்கும் தெரியும்.

1886-ல் சிவகாசியில் பிறந்த விஸ்வநாத தாஸ் ஓர் உதாரணம். பெரிய பாடகர், மேடை நடிகர், தேசியப் பாடல்களைப் பாடி ஆங்கில அரசிடம் பலமுறை சிறை சென்றவர். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது.

'சலூன்' எங்கிருந்து வந்தது?

சலூனும் பிரெஞ்சுதான். 'சலோன்' என்றால் விருந்தினரை உட்கார வைக்கும் பெரிய கூடம். இத்தாலிய மொழியில் 'சாலா' என்றால் கூடம், அதைப் பெரிதாக்கினால் 'சலோனே'. அங்கிருந்து பிரெஞ்சு, பிரெஞ்சில் இருந்து ஆங்கிலம், ஆங்கிலத்தில் இருந்து நாம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு தாண்டி உள்ளே போனால் வளவு வரும் இல்லையா, அதுபோல நாலு பேர் கூடி உட்காரும் இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

17, 18-ம் நூற்றாண்டு பாரிஸில் வசதியான வீட்டுப் பெண்கள் தங்கள் சலோனில் எழுத்தாளர்களையும் தத்துவவாதிகளையும் கூட்டி வைத்துப் பேசுவார்கள். இலக்கியம், அரசியல் எல்லாம் அங்கே ஓடும். நம்ம ஊர்ச் சலூனில் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று போர்டு தொங்குகிறதே, அந்த வகையில் பார்த்தால் சொல்லின் குணமே அரசியல் பேசுவதுதான்! போர்டு இருந்தும் நாம் நிறுத்துவது இல்லை என்பது வேறு விஷயம்.

அதே சொல் அமெரிக்காவில் மதுக்கடைக்கும், ரயிலில் சொகுசுப் பெட்டிக்கும் பெயரானது. இப்போது பெரிய ஊர்களில் ஏசி போட்ட கடை என்றால் 'சலோன்', மின்விசிறி ஓடும் கடை என்றால் 'சலூன்'. ஓர் எழுத்து மாறினால் ரேட்டும் மாறுகிறது. வேர் ஒன்றுதான்.

'பார்லர்' மட்டும் என்னவாம்? பிரெஞ்சில் 'பார்லே' என்றால் பேசுவது, 'பார்லுவார்' என்றால் பேசும் அறை. மடங்களில் வெளியாட்களைச் சந்தித்துப் பேச ஒதுக்கிய அறைக்கு அந்தப் பெயர். அதுதான் ஆங்கிலம் வழியாக நம்ம பியூட்டி பார்லர். மசாஜ், பெடிக்யூர், மெனிக்யூர் எல்லாம் அதே வழி. புதுசாக வந்திருக்கும் 'பாலயாஜ்' கலரிங்குக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அந்தச் சொல்லின் நேர் அர்த்தம் 'பெருக்குவது'. துடைப்பத்தால் கூட்டுவதுபோல பிரஷ்ஷை இழுத்துச் சாயம் பூசுவதால் அப்படிப் பெயர்.

பதிலுக்கு நாம ஒண்ணும் கொடுக்கலையா?

கொடுத்திருக்கிறோம். ஷாம்பு! அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்தி வினைச்சொல்லில் இருந்து பிறந்தது அது. 1759-ல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 'ஷாம்பு குளியல்' நிலையம் நடத்திப் பெயர் வாங்கினார், அரச குடும்பத்துக்கே சேவை செய்தார். அங்கிருந்து பிரான்ஸ் போன சொல், இன்று எந்தக் குவாஃபர் கடையிலும் 'ஷாம்ப்வேங்' என்ற உச்சரிப்பில் உலவுகிறது.

செட்டிநாட்டுக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரெஞ்சு ஆட்சி என்றதும் புதுச்சேரியும் காரைக்காலும்தான் நினைவுக்கு வரும். அங்கே 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகம் நடந்தது. ஆனால் செட்டிநாட்டு நகரத்தார் பிரெஞ்சைப் பார்த்தது இன்னும் தூரத்தில், சைகோனில். இன்றைய வியட்நாம் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வட்டித் தொழிலுக்காக அங்கே போன நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் ஹோ சி மின் நகரில் நிற்கிறது. பர்மா, மலாயாவோடு சைகோனும் இந்தப் பகுதி வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய ஊர்ப்பெயர்.

இன்றைக்குப் பாரிஸில் லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மளிகை, நகை, புடவைக் கடைகளுக்கு நடுவே தமிழர் நடத்தும் முடிதிருத்தும் கடைகளும் உண்டு. அங்கே பிரெஞ்சுச் சட்டப்படி முடிதிருத்தும் தொழிலுக்குத் தொழிற்கல்விச் சான்று முக்கியம். பயிற்சியில் சேர்ந்து, பரீட்சை எழுதி, சான்று வாங்கினால்தான் சொந்தமாகக் கடை நடத்தும் தகுதி கிடைக்கும்.

குவாஃபர் என்ற பெயருக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு, ராணி காலத்துக் கொண்டையில் இருந்து மட்டும் வந்தது இல்லை. படிப்பு, பரீட்சை, சான்று, சம்பளம் என்று அதற்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். தகப்பன் செய்தார் என்பதற்காக மகன் செய்தே ஆக வேண்டியதும் இல்லை.

பெயர் மாறினால் மரியாதை வருமா?

2009-ல் ஷாருக் கான் தயாரித்த 'பில்லு பார்பர்' படத்துக்கு மும்பை முடிதிருத்துவோர் சங்கத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'பார்பர்' என்ற சொல் தங்களை இழிவுபடுத்துகிறது என்றார்கள். கடைசி நேரத்தில் படத்தின் பெயர் 'பில்லு' என்று சுருங்கியது. அதே கதைதான் அதற்கு முந்தைய ஆண்டு தமிழில் ரஜினி, பசுபதி நடித்து 'குசேலன்' ஆக வந்தது. ஆங்கிலேயனுக்குச் சாதாரணமான ஒரு சொல் இங்கே ஏன் வலிக்கிறது என்றால், அகராதியில் உள்ள அர்த்தத்தோடு அது இங்கே வருவது இல்லை. சொல்லும் ஆளின் தொனியோடு வருகிறது.

தமிழ்நாட்டில் அரசு நல வாரியத்தின் பெயர் 'முடிதிருத்துவோர் நல வாரியம்'. இதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, 60 வயது முடிந்தால் ஓய்வூதியம் போன்றவை கிடைக்கும். இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டை போட இனிக் கட்டணம் இல்லை என்று 2021-ல் அரசு அறிவித்தது. அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் முடி வெட்டுபவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கொல்லைப்புறத்திலோ திண்ணைக்கு வெளியிலோதான் உட்கார வேண்டும். கூலி, வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று இருக்கும். சலூன் வந்த பிறகு நிலைமை தலைகீழ். அது அவருடைய இடம். நாம்தான் தேடிப் போய், வரிசையில் காத்திருந்து, அவர் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்து, கையோடு காசு கொடுக்கிறோம். ஊர்க் கூடத்தில் இடம் கிடைக்காதவருக்கு, 'கூடம்' என்ற அர்த்தம் உள்ள ஒரு பிரெஞ்சுச் சொல் சொந்த இடம் ஆனது.

அந்தக் கூடம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். சாதியைக் காரணம் காட்டி, தீண்டாமையால் ஒருவருக்கு முடி வெட்ட மறுப்பது 1955-ம் ஆண்டு குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சில கிராமங்களில் ஆதிக்க சாதியினரின் மிரட்டலுக்குப் பயந்து கடைக்காரர் மறுக்கும் நிலையும் உண்டு. அப்படி மிரட்டுபவருக்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் சலூனுக்குள்ளேயே நூலகம் வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கலாம். 2020 அக்டோபரில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமர் அவரிடம் தமிழில் பேசினார். பாரிஸ் சலோன்களில் புத்தகம் பேசப்பட்ட கதையோடு வைத்துப் பார்த்தால், தூத்துக்குடிச் சலூன் அந்தச் சொல்லின் பழைய அர்த்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

உங்களுக்குத் தோன்றக்கூடிய சில கேள்விகள்

குவாஃபர் என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன?

முடி திருத்துநர். அலங்காரத்தைச் சேர்த்துச் சொல்வதென்றால் சிகையலங்காரக் கலைஞர். 'சிகை' சமஸ்கிருதத்தில் இருந்து வந்தது, குடுமி என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது. கொஞ்சம் உயர்தரமான கடைகள், ஃபேஷன் பத்திரிகைகளில் பயன்படுத்துவார்கள். சாதாரணப் பேச்சில் குறைவு.

இந்தச் சொல்லை வைத்துப் பிரெஞ்சில் பழமொழி ஏதாவது உண்டா?

பனிக்குடச் சவ்வு தலையில் ஒட்டியபடி பிறக்கும் குழந்தையை 'குல்லாவோடு பிறந்தது' என்பார்கள். அதிர்ஷ்டக்காரர் என்று அர்த்தம். நம்ம ஊரிலோ தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்தால் 'மாலை சுத்திப் பொறந்தது, மாமனுக்கு ஆகாது' என்பார்கள். இரண்டுமே நம்பிக்கைதான், மருத்துவ உண்மை இல்லை.

பிரான்ஸிலும் கடைக்கு வேடிக்கையான பெயர் வைப்பார்களா?

நிறைய! பிரெஞ்சுக் கொச்சையில் முடிக்கு 'டிஃப்' என்று பெயர். 'டிஃப்' என்று முடியும் சொற்களை எல்லாம் தேடிப் பிடித்துக் கடைக்கு வைத்துவிடுவார்கள். பெயர்ப் பலகையில் சிலேடை செய்வதில் அவர்களுக்குத் தனி ஆனந்தம்.

மொத்தத்தில்...

குல்லா வைத்துவிட்ட கைக்குக் கிடைத்த பெயர் 'குவாஃபர்'. தங்கள் வேலை ஒரு கலை என்று சொல்லி, நீதிமன்றப் படியேறி, அந்தப் பெயரை அவர்கள் உயர்த்திக்கொண்டார்கள். நம்ம பக்கம் 'மருத்துவர்', 'பிராணோபகாரி' என்று உயர்ந்த பெயர்கள் முன்பே இருந்தும் மரியாதை மட்டும் கூட வரவில்லை.

அடுத்த முறை சலூன் நாற்காலியில் உட்காரும்போது இதை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒருவரின் கையில் சவரக் கத்தி இருக்கிறது. அவரை நம்பிக் கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டுகிறோம். அந்த நம்பிக்கைக்குரியவரை 'அண்ணே' என்று கூப்பிடுங்கள், மற்றவர்களிடம் சொல்லும்போது 'முடி திருத்துநர்' என்று சொல்லுங்கள்.